குழாய்க்குள் நுழையாத வாத்தியங்கள்: ஆரம்பகால ஒலிப்பதிவும் நடன இசைக்குழுக்களும்

1923ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி. அமெரிக்காவின் இன்டியானா மாநிலத்தில் ரிச்மண்ட் என்றொரு சிறுநகர். அங்கே பியானோத் தொழிற்சாலை ஒன்றுக்குச் சொந்தமான ஜெனெட் இசைத்தட்டுக் கம்பனியின் ஒலிப்பதிவு அறைக்குள் ஏழு கறுப்பின இசைக்கலைஞர்கள் நுழைகிறார்கள். சிக்காகோவின் லிங்கன் கார்டன்ஸ் நடன மண்டபத்தில் இரவுதோறும் ஆட்களை ஆடவைத்துக்கொண்டிருந்த கிங் ஒலிவரின் குழு அது. இரண்டாவது கோர்னெட் வாசிப்பவர் 21 வயதான லூயி ஆம்ஸ்ட்ரோங். அன்றும் மறுநாளும் அவர்கள் பதிவுசெய்த பாடல்கள் ஜாஸ் வரலாற்றின் அடிப்படை ஆவணங்களாக இன்று மதிக்கப்படுகின்றன.

அந்த ஆவணங்களில் ஒரு விடுபடல் இருக்கிறது. குழுவிலிருந்த பில் ஜோன்சன் டபிள் பேஸ் வாசிப்பவர். ஆளுயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும், வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய வாத்தியம் அது. நியூ ஓர்லியன்ஸில் அதன் தந்திகளை விரலால் இழுத்து அறைந்து வாசிப்பதில் பெயரெடுத்தவர் அவர். ஆனால், ரிச்மண்டில் அவர் கையில் இருந்தது பான்ஜோ. ட்ரம்ஸ் வாசித்த பேபி டொட்ஸின் காலடியில் வழக்கமாக இருக்கும் பெரிய பேஸ் ட்ரம்மும் பதிவில் இல்லை. அவர் மரக்கட்டைகளைத் தட்டியே தாளத்தைக் கொண்டுபோனார்.

இருவரும் விரும்பிச் செய்த மாற்றமல்ல இது. அறையின் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு கூம்புக் குழாய் அப்படிக் கேட்டது.

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைநெறியைப் படித்த காலத்தில், எந்த ஊடகமும் தன்னிடம் வருவதை அப்படியே கடத்துவதில்லை என்பதைப் பரீட்சைக்காக எழுதியிருக்கிறேன். அதைக் காதாலேயே கேட்டுப் புரிந்துகொள்ள முடியும் என்று எனக்குக் காட்டியவை இந்தப் பழைய இசைத்தட்டுகள்தான். ஆகவே, இந்தக் கதையை வாத்தியம் வாத்தியமாகச் சொல்ல முயல்கிறேன்.

குழாயின் காது

1925 வரை வணிக ரீதியான இசைத்தட்டுகள் மின்சார ஒலிவாங்கி இல்லாமலே பதிவுசெய்யப்பட்டன. இசைக்குழு ஒரு பெரிய கூம்புக் குழாயின் முன்னால் வாசிக்கும். குழாயின் ஒடுங்கிய முனையில் ஒரு மெல்லிய தகடு. காற்றில் வரும் ஒலி அந்தத் தகட்டை அதிரவைக்கும். தகட்டோடு பொருத்திய ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் அந்த அதிர்வைத் தடமாகக் கீறும். இடையில் ஒலியை வலுப்படுத்த எதுவும் கிடையாது. ஊசியை அசைக்கும் சக்தி முழுவதும் வாசிப்பவரின் மூச்சிலிருந்தும் கையிலிருந்தும் மட்டுமே வரவேண்டும்.

மனிதக் காது சுமார் 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரையான மீடிறன்களைக் கேட்கக்கூடியது. இந்தக் குழாயோ சுமார் 250 முதல் 2,500 ஹேர்ட்ஸ் வரையானவற்றைத்தான் ஓரளவு பிடித்தது. இதை விளங்கிக்கொள்ள நமது வீட்டுத் தரைவழித் தொலைபேசியை நினைத்துப் பாருங்கள். அது கடத்துவது சுமார் 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரை. கோயில் திருவிழாவில் நிற்கும் ஒருவர் அதில் உங்களோடு பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் நாதஸ்வரம் தெளிவாகவே கேட்கும். தவிலின் வலந்தலைச் சொற்கள் டக்டக்கென்று வந்து விழும். தொப்பியின் முழக்கம் மட்டும் வந்து சேராது. தவில் அங்கே இருக்கிறது, வாசிக்கப்படுகிறது, ஆனால் உங்களுக்கு அரைத் தவில்தான் கிடைக்கிறது. 1923இல் ஒரு நடன இசைக்குழுவுக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதுவே.

டபிள் பேஸின் மிகத் தாழ்ந்த தந்தி சுமார் 41 ஹேர்ட்ஸில் அதிர்கிறது. குழாயின் எல்லைக்கு அது வெகு கீழே. அதன் மேற்றொனிகள் எல்லைக்குள் வந்தாலும், அந்த ஒலி மென்மையானது. பெரிய மரப்பெட்டியிலிருந்து எல்லாத் திசைகளிலும் பரவிப்போவது. குழாயை நோக்கி அதைத் திருப்பிவிட முடியாது. டியூபாவின் நிலை வேறு. அதுவும் தாழ்ந்த சுரங்களையே வாசிக்கிறது. ஆனால், பித்தளை வாத்தியம் என்பதால் மேற்றொனிகள் வலுவானவை. வாய்ப்புறத்தைக் குழாயின் பக்கம் திருப்பி உட்காரவும் முடியும். அடித்தளச் சுரம் தட்டில் பதியாவிட்டாலும், மேற்றொனிகளைக் கேட்கும் நமது காது மீதியை ஊகித்து நிரப்பிக்கொள்ளும்.

கிட்டாருக்கும் பான்ஜோவுக்கும் இடையிலும் இதே வித்தியாசம்தான். கிட்டாரின் உடல் மரம். ஒலி உருண்டு, மெதுவாக அடங்கும். பான்ஜோவின் முகத்தில் இழுத்துக் கட்டியிருப்பது தோல். ஒவ்வொரு மீட்டலும் கூர்மையாக வெடித்து உடனே ஓய்ந்துவிடும். குழாய்க்கு வேண்டியது அந்த வெடிப்பு.

வயலினுக்குப் புதிய உடலே செய்து கொடுக்கவேண்டியிருந்தது. லண்டனில் வாழ்ந்த ஓகஸ்டஸ் ஸ்ட்ரோ என்பவர் 1899இல் ஒரு வயலினுக்குக் காப்புரிமை கோரினார். அதில் மரப்பெட்டிக்குப் பதிலாக ஒரு தகடும் ஓர் உலோகக் குழாயும் இருந்தன. ஒலியை ஒரே திசையில் பாய்ச்சும் இந்த 'ஸ்ட்ரோ வயலின்' இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபத்தைந்து ஆண்டுகளில் ஒலிப்பதிவு அறைகளில் நிறையப் பயன்பட்டது.

பேஸ் ட்ரம்மின் பிரச்சினை இன்னொரு வகை. பலத்த தாழ்ந்த அடி ஒன்று ஊசியைப் பெரும் வீச்சில் அசைக்கும். ஊசி தடத்தை விட்டுத் துள்ளினால், அல்லது பக்கத்துத் தடத்துக்குள் வெட்டினால், மெழுகுத் தட்டு பழுதாகிவிடும். அத்தனை பேரும் மீண்டும் முதலிலிருந்து வாசிக்கவேண்டும். ஆகவேதான் மரக்கட்டை, பசுமணி, ட்ரம்மின் விளிம்பு என்று சிறிய, காய்ந்த ஒலிகளை நோக்கி ட்ரம்ஸ் கலைஞர்கள் தள்ளப்பட்டார்கள்.

தூரமே ஒலிக்கலவை

இன்றைய கலையகத்தில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி ஒலிவாங்கி வைத்துப் பிறகு அளவைக் கூட்டிக் குறைக்கிறோம். அன்று அதற்கு இருந்த ஒரே வழி, ஆட்களை இடம்மாற்றி நிறுத்துவது. மென்மையான வாத்தியம் குழாய்க்கு அருகில், உரத்தது தொலைவில். ஆம்ஸ்ட்ரோங்கின் கோர்னெட் ஒலிவரின் கோர்னெட்டை மூழ்கடித்ததால், அவரை மற்றவர்களிடமிருந்து பல அடி தள்ளி நிற்கவைத்தார்கள் என்று குழுவின் பியானோக் கலைஞர் லில் ஹார்டின் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். பின்னாளில் உலகமே கொண்டாடிய அந்தக் கோர்னெட் தனது முதல் பதிவில் ஒதுக்கிவைக்கப்பட்ட ஒலியாகவே இருந்தது. போதாக்குறைக்கு ஜெனெட்டின் ஒலிப்பதிவு அறை ரயில் பாதையோரம் இருந்தது. ரயில் போகும்போதெல்லாம் பதிவை நிறுத்தவேண்டும்.

முதல் ஜாஸ் இசைத்தட்டு என்று பொதுவாகக் கருதப்படுவது 1917 பெப்ரவரி 26இல் நியூயோர்க்கில் விக்டர் கம்பனிக்காக ஒரிஜினல் டிக்சிலாண்ட் ஜாஸ் பேண்ட் என்ற வெள்ளையினக் குழு பதிவுசெய்தது. ஐந்து பேர்: கோர்னெட், ட்ரொம்போன், கிளரினெட், பியானோ, ட்ரம்ஸ். பேஸ் கிடையாது. அந்தத் தட்டு பெரும் எண்ணிக்கையில் விற்றது. நியூ ஓர்லியன்ஸையோ சிக்காகோவையோ நேரில் பார்த்திராத இளைஞர்கள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டே ஜாஸ் பழகினார்கள். அயோவாவின் டெவன்போர்ட் நகரில் இருந்த பிக்ஸ் பைடர்பெக் அப்படிப் பழகியவர். இராணுவத்திலிருந்து திரும்பிய அண்ணன் வாங்கிவந்த தட்டுகளே அவருக்கு ஆசிரியர்.

இங்கேதான் இசைத்தட்டின் வேலை மாறுகிறது. அது ஒரு குழு வாசித்ததன் பதிவாக மட்டும் இருக்கவில்லை. இன்னொரு குழு எப்படி அமையவேண்டும் என்பதற்கான மாதிரியாகவும் ஆனது. தட்டில் கேட்காத வாத்தியத்தைத் தட்டிலிருந்து யாரும் பழக முடியாது.

நடன இசையில் பணம் புரண்ட பக்கத்திலும் இதே சாய்வு இருந்தது. போல் வைட்மனின் 'விஸ்பரிங்' 1920இல் வெளிவந்து மிகப் பெரிய விற்பனை கண்டது. அதன்பின் வந்த பத்தாண்டில் நடனக் குழுக்களின் நடுவில் சக்சபோன்கள் வரிசையாக உட்கார்ந்தன. வயலினைவிட உரத்த, குழாய் எளிதாகப் பிடித்துக்கொள்ளும் நடுத்தர மீடிறன் வாத்தியம் அது. 1920களில் ஏராளமான தட்டுகளை வெளியிட்ட கலிஃபோர்னியா ராம்ப்ளர்ஸ் குழுவில் அடித்தளச் சுரங்களை வாசித்தது டபிள் பேஸும் அல்ல, டியூபாவும் அல்ல. ஏட்ரியன் ரொலினியின் பேஸ் சக்சபோன். இன்று அபூர்வமாகிவிட்ட அந்த வாத்தியம் அந்தக் காலத் தட்டுகளில் அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது.

தொலைபேசியிலிருந்து வந்த மாற்றம்

மாற்றம் இசை உலகிலிருந்து வரவில்லை. தொலைபேசிக் குரலை நீண்ட தூரம் கொண்டுபோக ஆராய்ந்துகொண்டிருந்த வெஸ்டர்ன் இலெக்ட்ரிக்கின் பொறியியலாளர்கள்தான் ஒலிவாங்கி, ஒலியை வலுப்படுத்தும் மின்சுற்று, மின்சாரத்தால் இயங்கும் வெட்டூசி ஆகியவற்றை ஒன்றிணைத்து மின்வழி ஒலிப்பதிவு முறையை உருவாக்கினார்கள். ஜோசப் மக்ஸ்பீல்ட், ஹென்றி ஹரிசன் ஆகிய இருவரின் பெயர்கள் இதில் முதன்மையானவை. விக்டர், கொலம்பியா ஆகிய இரு கம்பனிகளும் 1925இன் தொடக்கத்தில் இந்த முறைக்கான உரிமத்தைப் பெற்றன. பதியக்கூடிய எல்லை சுமார் 100 முதல் 5,000 ஹேர்ட்ஸ் வரை விரிந்தது. அதே ஆண்டு நவம்பரில், புதிய தட்டுகளுக்கென்றே வடிவமைத்த கிராமபோனை விக்டர் சந்தைக்குக் கொண்டுவந்தது. தட்டில் பேஸ் பதிந்தால் மட்டும் போதாது, வீட்டிலுள்ள பெட்டியும் அதைத் திருப்பித் தரவேண்டுமல்லவா?

இதன் விளைவை மூன்று பதிவுகளில் கேட்கலாம்.

ஆம்ஸ்ட்ரோங் தனது பெயரில் 1925 நவம்பரில் சிக்காகோவில் பதிவைத் தொடங்கிய 'ஹொட் ஃபைவ்' குழுவில் கோர்னெட், ட்ரொம்போன், கிளரினெட், பியானோ, பான்ஜோ மட்டுமே. பேஸும் இல்லை, ட்ரம்ஸும் இல்லை. 1927 மே மாதம், மின்வழிப் பதிவு வந்த பிறகு, அதே குழு 'ஹொட் செவன்' ஆனது. கூடிய இரண்டு வாத்தியங்கள் டியூபாவும் ட்ரம்ஸும். ட்ரம்ஸ் வாசித்தவர் அதே பேபி டொட்ஸ்.

1926 செப்டெம்பரில் ஜெலி ரோல் மோர்ட்டன் விக்டருக்காகப் பதிவுசெய்த 'பிளாக் பொட்டம் ஸ்டொம்ப்' பாடலில் ஜோன் லின்ட்சேயின் டபிள் பேஸ் துள்ளுவது தெளிவாகக் கேட்கிறது. ரிச்மண்டில் கிங் ஒலிவர் குழுவின் பதிவு நடந்து மூன்றரை ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

மூன்றாவது பதிவு பில் ஜோன்சனுடையது. 1928 ஜூலையில் ஜொனி டொட்ஸின் குழுவோடு அவர் பதிவுசெய்த பாடலின் பெயரே 'புல் ஃபிடில் புளூஸ்'. புல் ஃபிடில் என்பது டபிள் பேஸுக்கான பேச்சுவழக்குப் பெயர். ஐந்து ஆண்டுகளுக்கு முன் பான்ஜோவைக் கையில் எடுத்தவர், இப்போது பேஸின் பெயரைத் தாங்கிய பாடலில் தனியாகவே வாசிக்கிறார்.

கிட்டாரும் இப்படித்தான் திரும்பி வந்தது. எடி லாங்கின் மென்மையான மீட்டலை ஒலிவாங்கி பிடித்தது. பாடகர்கள் கத்திப் பாடவேண்டிய தேவையும் போனது. காதருகே பேசுவதுபோல் பாடும் பிங் குரொஸ்பியின் பாணிக்கு அருகில் பான்ஜோ முரடாகவும் கிட்டார் இதமாகவும் ஒலித்தன. டியூக் எலிங்டன் இன்னும் ஒருபடி மேலே போனார். 1930இல் அவர் பதிவுசெய்த 'மூட் இண்டிகோ'வின் தொடக்கத்தில் ட்ரம்பெட்டும் ட்ரொம்போனும் வாயடைப்பான் பொருத்தி மேலே வாசிக்கின்றன. கிளரினெட் கீழே வாசிக்கிறது. வழமையான அடுக்கு தலைகீழாகிறது. அந்தக் கலவை ஒலிவாங்கியில் யாருமே வாசிக்காத ஒரு மாயத் தொனியை உண்டாக்கியதாகவும், அதை விலக்காமல் இசையின் பகுதியாக்கிக்கொண்டதாகவும் எலிங்டன் பின்னர் விளக்கியிருக்கிறார்.

இயந்திரம் மட்டுமா காரணம்?

இல்லை. இதைச் சொல்லாவிட்டால் கதை பிழையாகிவிடும். ஒலிபெருக்கி இல்லாத பெரிய மண்டபத்தில் நூற்றுக்கணக்கானவர்களின் காலடிச் சத்தத்துக்கு மேலாகக் கேட்கவும் டியூபாவும் பான்ஜோவும் உதவின. மின்வழிப் பதிவு வந்த மறுநாளே அவை மறைந்துவிடவுமில்லை. 'ஹொட் செவன்' குழுவே டியூபாவைத்தான் சேர்த்துக்கொண்டது. நடனத்தின் தாளம் இரண்டு அழுத்தங்களிலிருந்து நான்கு சமமான அழுத்தங்களுக்கு மாறியபோது, மூச்செடுக்கத் தேவையில்லாத டபிள் பேஸ் வசதியாக இருந்தது. வானொலியும் மண்டபங்களுக்குள் வந்த ஒலிவாங்கியும் தங்கள் பங்கைச் செய்தன. 1930களின் நடுப்பகுதியில் கவுண்ட் பேசி போன்றோரின் குழுக்களில் டபிள் பேஸ் நிலைபெற்றது இவை எல்லாம் சேர்ந்து நடந்த மாற்றம்.

பழைய முறையிலும் தாள வாத்தியங்களுக்கு முற்றான தடை இருக்கவில்லை. ஜேம்ஸ் ரீஸ் யூரோப்பின் நடனக் குழு 1914இல் விக்டருக்காகச் செய்த பதிவுகளில் ட்ரம்ஸ் உற்சாகமாகவே கேட்கிறது. பதிவாளர் துணிந்தால் இடம் கிடைத்தது. பெரும்பாலானோர் மெழுகுத் தட்டைப் பழுதாக்கத் துணியவில்லை.

குறைபாடு மரபாக மாறியபோது

இந்தக் கதையில் என்னை அதிகம் யோசிக்கவைத்த பகுதி இதற்குப் பின்னால் வருகிறது.

1940களின் தொடக்கத்தில், பெரிய 'சுவிங்' குழுக்களின் பளபளப்பில் சலிப்படைந்த சிலர் 'உண்மையான' பழைய ஜாஸை மீட்கப் புறப்பட்டார்கள். சான் பிரான்சிஸ்கோவின் லூ வாட்டர்ஸ் அவர்களில் முக்கியமானவர். கிங் ஒலிவரின் தட்டுகளை உன்னிப்பாகக் கேட்டு அவர் அமைத்த குழுவில் இரண்டு கோர்னெட்டுகள் இருந்தன. கூடவே இரண்டு பான்ஜோக்களும் ஒரு டியூபாவும். இன்றும் உலகின் பல நகரங்களில் 'டிக்சிலாண்ட்' என்று சொல்லி வாசிக்கும் குழுக்களில் பான்ஜோவும் டியூபாவும் மரபின் அடையாளங்களாகவே வருகின்றன.

ஆனால், நியூ ஓர்லியன்ஸில் ஜாஸின் முன்னோடியாகச் சொல்லப்படும் படி போல்டனின் குழுவின் ஒரேயொரு புகைப்படம் எஞ்சியிருக்கிறது. 1905ஆம் ஆண்டளவில் எடுக்கப்பட்டது. அதில் டியூபா இல்லை, பான்ஜோவும் இல்லை. ஒருவர் டபிள் பேஸோடும் இன்னொருவர் கிட்டாரோடும் இருக்கிறார்கள். போல்டனின் இசை எந்தத் தட்டிலும் நமக்குக் கிடைக்கவில்லை. படம் ஒன்றைச் சொல்கிறது, பின்னால் வந்த தட்டுகள் வேறொன்றைச் சொல்கின்றன. மரபை மீட்க வந்தவர்கள் தட்டுகளை நம்பினார்கள்.

அதே காலத்தில் நியூ ஓர்லியன்ஸின் முதிய ட்ரம்பெட் கலைஞர் பங்க் ஜோன்சனைக் கண்டுபிடித்து, அந்த நகரத்திலேயே 1944இல் பதிவுசெய்தார்கள். அந்தப் பதிவுகளில் பான்ஜோ இருக்கிறது. ஆனால் அடித்தளத்தில் ஒலிப்பது டபிள் பேஸ். ட்ரம்ஸில் மறுபடியும் பேபி டொட்ஸ். 1923இல் விட்டுவைத்த பேஸ் ட்ரம் இங்கே அவரது காலடியில் முழங்குகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே மனிதரின் கலையில் எவ்வளவு பங்கு இருபது ஆண்டுகளாகக் கணக்கில் வராமல் இருந்தது என்பது புரியும்.

ஒலிப்பதிவுத் தொழில்நுட்பத்துக்கு ஏற்ப இசை தன்னை மாற்றிக்கொள்வதை இசையியலாளர் மார்க் கட்ஸ் 'போனோகிராப் விளைவு' என்று அழைக்கிறார். 'ஹொட் ஃபைவ்' முதல் லூ வாட்டர்ஸ் வரை நாம் பார்த்தவை அந்த விளைவின் வெவ்வேறு கட்டங்கள். முதலில் இயந்திரத்துக்காக ஒரு விட்டுக்கொடுப்பு. பிறகு அதுவே பழக்கம். கடைசியில் அதுவே பாரம்பரியம்.

நமது காலத்துக் குழாய்கள்

கூம்புக் குழாய் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. ஆனால், எது இசை, எது இரைச்சல் என்று நமக்காகத் தீர்மானிக்கும் கருவிகள் போகவில்லை. கொரோனா முடக்க காலத்தில் காணொளி அழைப்புச் செயலிகளில் மிருதங்கம் படித்த பிள்ளைகளையும் படிப்பித்த ஆசிரியர்களையும் கேட்டுப் பாருங்கள். பேச்சுக்காக உருவாக்கிய அந்தச் செயலிகள் மிருதங்கத்தின் நீண்ட முழக்கத்தைப் பின்னணி இரைச்சல் என்று கருதி வெட்டிவிடும். சுவடுகளாக எஞ்சும் சொற்களை வைத்து ஆசிரியர் மீதியை ஊகிக்கவேண்டும்.

நானும் நேர்காணல்களைக் கைத்தொலைபேசியில்தான் பதிவுசெய்கிறேன். பேசுபவரின் குரலைத் துல்லியமாக்கும் வசதியை இயக்கினால், அவருக்குப் பின்னால் நடக்கும் பேச்சும் தெருச் சத்தமும் காணாமல்போய்விடும். கட்டுரை எழுத அது வசதி. முப்பது ஆண்டுகள் கழித்து அந்த வீட்டைப் பற்றி அறிய விரும்புகிறவருக்கு அது ஒரு வெற்றிடம். பழைய ஒலிநாடாக்களை எண்மியமாக்கும்போது இரைச்சல் நீக்கியை எவ்வளவு இறுக்கமாக வைப்பது என்ற கேள்வியும் இதே கேள்விதான். எனவே, ஆவணக் காப்பில் ஈடுபடுகிறவர்கள் திருத்தப்படாத மூலப் பிரதியைத் தனியே வைத்திருக்கவேண்டும். எந்தக் கருவியில், எந்த அமைப்பில் பதிவானது என்பதையும் எழுதிவைக்கவேண்டும். ரிச்மண்ட் அறையில் யார் எதை வாசிக்க முடியாமல் போனது என்பது கலைஞர்களின் பிற்கால நினைவுகளிலிருந்துதான் நமக்குத் தெரிகிறது. தட்டு அதைச் சொல்லவில்லை.

நேரமிருந்தால் இணையத்தில் இந்த மூன்றையும் தேடி, நல்ல காதணிப் பேசியில் இந்த வரிசையில் கேளுங்கள்: கிங் ஒலிவர் குழுவின் 'டிப்பர்மௌத் புளூஸ்', 1923 ஜெனெட் பதிவு; ஜெலி ரோல் மோர்ட்டனின் 'பிளாக் பொட்டம் ஸ்டொம்ப்'; ஜொனி டொட்ஸ் குழுவின் 'புல் ஃபிடில் புளூஸ்'. முதலாவதில் வாத்தியங்கள் ஒரு கணம் நிற்கும் இடத்தில் ஒருவர் உரக்கக் கூவுவார். அது பில் ஜோன்சனின் குரல் என்றே இசை வரலாற்றாளர்கள் குறிப்பிடுகிறார்கள். குழாய் அந்தக் குரலைப் பிடித்துவிட்டது. அவரது பேஸைக் கேட்க நீங்கள் மூன்றாவது பாடல் வரை காத்திருக்கவேண்டும்.